ஜெபம் பண்ண உக்காந்தா வார்த்தையே வரல, இது அவிசுவாசமா?

விடியல்தேடி:

எல்லாருக்கும் வணக்கம். இந்த பகுதிய ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இப்பதான். நீளமா போனா மன்னிச்சிருங்க.

என் வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. டயாலிசிஸ் போயிட்டிருக்கு, வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல, அதுக்கு போக வர, வந்ததும் அவர் அப்படியே சுருண்டு படுத்துடுவார், எல்லாம் சேத்தா அந்த நாளே அதுக்கு போயிடும். அவர் வேலைய விட்டாச்சு. நான் வேலைக்கு போறேன், பசங்க ரெண்டு பேரும் ஸ்கூல். பணக்கஷ்டம் பத்தி எழுத வரல, அது எல்லாருக்கும் புரியும்.

எனக்கு இப்ப பெரிய பிரச்சனை வேற. சின்ன வயசுல இருந்து ஜெபத்துல வளந்தவ நான், சண்டே ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு சொல்லி குடுத்திருக்கேன், புயல்ல படகுல இயேசு தூங்கிட்டிருந்த கதைய எத்தனையோ தடவை படம் வரைஞ்சு சொல்லிருக்கேன். இப்ப ராத்திரி எல்லாரும் தூங்கினப்பறம் முழங்கால் போட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது. சுவர பாத்துட்டு உக்காந்திருக்கேன். சில நாள் கோபம் வருது, யார் மேலன்னு பாத்தா ஆண்டவர் மேலயேதான். தூங்கிட்டுதான் இருக்கீங்களான்னு கத்தணும் போல இருக்கு, உடனே பயம் வந்துடுது, இப்படி நினைச்சதுக்கு இன்னும் ஏதாவது ஆயிடுமோன்னு.

ஃபெல்லோஷிப்ல சொன்னேன். ஒருத்தர் இன்னும் விசுவாசம் வேணும் சிஸ்டர்னாரு. இன்னொருத்தங்க வீட்டுல மறைவான பாவம் ஏதாவது இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்கன்னாங்க. காலையில எழுந்தா போன்ல எரேமியா 29:11 வந்து நிக்குது, பூ படத்தோட, மூணு பேர்கிட்ட இருந்து.

கஷ்டத்துல அசையாம நின்னவங்க இங்க இருப்பீங்க. நீங்க நிஜமா எப்படி நின்னீங்க? கோபம் வர்றது பாவமா? தயவு செஞ்சு பிரசங்கம் காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க, அது நிறைய கேட்டாச்சு.

ஜெயக்கொடி:

சிஸ்டர் கர்த்தர் நல்லவர். வாயில நெகட்டிவா எதுவும் பேசாதீங்க, சுகமாயிட்டார் சுகமாயிட்டார்னு அறிக்கை பண்ணிட்டே இருங்க. ஏசாயா 53:5, அவருடைய தழும்புகளால் குணமாகிறோம். சந்தேகம் வந்துச்சுன்னா அது சத்துருவோட வேலை, இடம் குடுக்காதீங்க. ஜெபிக்கிறேன். ஆமென்.

ஓய்வுடீச்சர்:

விடியல்தேடி, உன் போஸ்ட ரெண்டு தடவை படிச்சேன்மா. என் மாமியார் படுத்த படுக்கையா இருந்த வருஷங்கள்ல நானும் அந்த சுவர பாத்து உக்காந்தவதான், அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

முதல்ல அந்த கோபம். தூங்குறீங்களான்னு கத்தணும் போல இருக்குன்னு எழுதி அதுக்கு பயப்படுற இல்ல, சங்கீதம் 44, 23ம் வசனம் எடுத்து பாரு: "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" இத யாரோ வீட்டுல ஒளிஞ்சு உக்காந்து எழுதல, கோராகின் புத்திரர் சங்கீதம், அதாவது ஆராதனையில கூட்டமா பாடுறதுக்கு வச்சிருந்தது. சபையா எழுந்து நின்னு தூங்காதேன்னு கடவுள்கிட்ட பாடியிருக்காங்க, அத வேதத்துல இருந்து யாரும் வெட்டி எறியல. நீ மனசுக்குள்ள நினைச்சு பயந்தத அவங்க ராகம் போட்டு பாடிருக்காங்க.

13ம் சங்கீதம் மொத்தமே 6 வசனம். ஆரம்பத்துல ரெண்டு வசனத்துக்குள்ள இன்னும் எவ்வளவு நாள், எவ்வளவு நாள்னு நாலு தடவை கேக்குறார். 150 சங்கீதத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இப்படி அழுகையும் முறையீடுமாதான் இருக்கு. நம்ம ஆளுங்க 23ஐயும் 91ஐயும் காலண்டர்ல போட்டுட்டு மிச்சத்த மூடி வச்சுட்டாங்க, அதான் அழுகை வந்தா நாம ஏதோ தப்பான மதத்துல இருக்கோம்ங்கிற மாதிரி ஆயிடுது.

88ம் சங்கீதத்த கண்டிப்பா படி. சாதாரணமா இந்த அழுகை சங்கீதம் எல்லாம் கடைசியில ஒரு இடத்துல திரும்பும், ஆனாலும் உம்மை துதிப்பேன்னு வரும். 88 திரும்பவே திரும்பாது. 18 வசனமும் இருட்டு, சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கிட்டீர், தெரிஞ்சவங்க எல்லாம் மறைஞ்சு போனாங்கன்னு அப்படியே முடிஞ்சுடும். வெளிச்சம்னு பாத்தா முதல் வரியில மட்டும்தான், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே"ன்னு கூப்பிடுறார். கூப்பிட்டுட்டு மிச்சம் பூரா புகார். ஆனா யார்கிட்ட புகார் பண்றார்னு பாரு, அவர்கிட்டயே. எனக்கு அந்த வருஷங்கள்ல நம்பிக்கைன்னு இருந்தது அவ்வளவுதான். தைரியமோ சமாதானமோ பெருசா கிடையாது, திட்டுறதுக்கும் போய் நிக்குறதுக்கும் வேற வாசல் தெரியாது.

ஜெயக்கொடி தம்பி, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க, ஆனா அந்த பொண்ணு நாலு மணி நேரம் மெஷின் பக்கத்துல உக்காந்துட்டு வருது, அதுகிட்ட நெகட்டிவா பேசாதேன்னா அது எங்க போய் பேசும்?

அந்த எரேமியா 29:11 பத்தியும் சொல்லிடுறேன், எனக்கு அதுல ஒரு பழைய கடுப்பு உண்டு. அது தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகள்ங்கிற வசனம். அருமையான வசனம்தான். ஆனா அது பாபிலோனுக்கு சிறையா போனவங்களுக்கு எரேமியா எழுதின லெட்டர்ல வருது, அதுக்கு முந்தின வசனத்த யாரும் பூ படம் போட்டு அனுப்ப மாட்டாங்க, 10ம் வசனம், 70 வருஷம் ஆகும்னு இருக்கு. அதுக்கும் மேல போனா வீடு கட்டி குடியிருங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்கன்னு இருக்கு. சீக்கிரம் விடுதலைன்னு சொல்லிட்டு திரிஞ்ச ஆளுங்கள நம்பாதீங்கன்னும் இருக்கு. நாளைக்கே எல்லாம் சரியாயிடும்னு சொல்ற வசனமா அத அனுப்புறவங்க அந்த அதிகாரத்த முழுசா படிச்சா கொஞ்சம் தயங்குவாங்க. எனக்கு அந்த 70 வருஷத்தோட சேத்து படிக்கும்போதுதான் அது ஆறுதலா இருந்துச்சு, ஏன்னா நீண்டு போற கஷ்டத்துக்கு உள்ள உக்காந்து குடித்தனம் பண்றவங்களுக்கு எழுதினது அது.

தேவாரப்பித்தன்:

நான் சைவன், இங்க கருத்து சொல்லலாமான்னு தெரியல, டீச்சரம்மா சொன்னத படிச்சதும் கை சும்மா இருக்கல.

தங்கச்சி, தேவாரம் பாடின அப்பர் சாமிய எல்லாரும் நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்னு நெஞ்ச நிமித்தி பாடினவராத்தான் சொல்லுவாங்க. கல்லுல கட்டி கடல்ல போட்டப்ப நற்றுணையாவது நமச்சிவாயவேன்னு பாடினவர். அதெல்லாம் பின்னாடி. அவர் பாடின முதல் பதிகமே வயித்து வலியில பாடினது. சூலை நோய். திருவதிகையில அக்கா திலகவதியார்கிட்ட வந்து விழுந்து, கூற்றாயினவாறு விலக்ககிலீர்னு ஆரம்பிக்கிறார், எமன் மாதிரி வந்து நிக்குற இந்த நோய விலக்க மாட்டேங்கிறீரேன்னு எடுத்த எடுப்புலயே புகார்தான். குடலோட சேத்து முறுக்குது, ஆற்றேன் அடியேன், என்னால தாங்க முடியலன்னு பச்சையா சொல்றார். எங்க சைவப் பாட்டுத் தொகுப்பான திருமுறையில நாலாம் திருமுறை தொடங்குறதே இந்த பாட்டுலதான், அதாவது பெரியவங்க தொகுக்கும்போது இத ஒளிச்சு வைக்கல, முதல்ல வச்சாங்க. நமனை அஞ்சோம்னு சொன்ன வாய் முதல்ல தாங்க முடியலன்னு சொன்ன வாய்தான்.

சுந்தரர், அவரும் தேவாரம் பாடினவர்தான், இன்னும் ஒரு படி மேல. கண்ணு ரெண்டும் போயிடுச்சு, ஒரு கண்ணு காஞ்சியில கிடைச்சது, இன்னொண்ணுக்கு திருவாரூர்ல வந்து நிக்குறார். கெஞ்சலா பாடுவார்னு பாத்தா, அடியார்கள் தங்கள் கஷ்டத்த சொன்னா நீர் பாட்டுக்கு சும்மா இருப்பீர், "வாழ்ந்து போதீரே"ங்கிறார். நம்ம பேச்சுல சொன்னா, நீராவது நல்லா இரும்யான்னு முகத்துக்கு நேரா சொல்றது. எங்க ஓதுவார் ஒருத்தர் இத பாடும்போது குரல கொஞ்சமும் இறக்க மாட்டார், சண்ட போடுற மாதிரியே பாடுவார். இந்த உரிமைய அவருக்கு யார் குடுத்தா? தம்பிரான் தோழர்னு பேரே அவருக்கு. தோழன்கிட்டதான இப்படி பேச முடியும், நாம பயப்படுறவர்கிட்ட இல்ல.

உங்க வழி வேற எங்க வழி வேற, நான் ரெண்டையும் கலக்க வரல. கோபம் வந்தா சாமி கோச்சுக்கும்ங்கிற பயம் மட்டும் வேண்டாம்னு சொல்ல வந்தேன்.

விடியல்தேடி:

டீச்சரம்மா, அண்ணா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல படிச்சிட்டு பாத்ரூம் போய் அழுதுட்டு வந்தேன், நல்ல அழுகைதான்.

88 படிச்சேன். இது வேதத்துல இருக்குன்னே எனக்கு தெரியாது, இத்தனைக்கும் வருஷா வருஷம் வேதத்த முடிக்கிற ஆள் நான், எப்படியோ ஓடி கடந்து போயிருக்கேன்.

ஆனா ஒண்ணு இன்னும் உறுத்திட்டே இருக்கு. மறைவான பாவம்னு சொன்னாங்களே, அது மண்டையில ஏறிடுச்சு. ராத்திரி பூரா பழசெல்லாம் தோண்டிட்டு இருக்கேன், கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது வரைக்கும். இல்ல என் விசுவாசம் மட்டும் பத்தாம போய் அதனால அவருக்கு சுகம் கிடைக்காம இருக்கோன்னு. அவர் படுற பாட்டுக்கு நான் காரணமா? இத யார்கிட்டயும் வாய் விட்டு கேக்க முடியல. பேர் தெரியாத இடம்ங்கிறதால கேக்குறேன்.

ஜெயக்கொடி:

டீச்சர் நான் யாரையும் புண்படுத்த சொல்லல. விசுவாசத்தினால மலையையே பேக்கலாம்னு இயேசுவே சொல்லிருக்கார் இல்லையா. நான் கண்ணால சுகமானவங்கள பாத்திருக்கேன். அத சொல்லாம எப்படி இருக்குறது?

பழையபாதை:

ஜெயக்கொடி பிரதர், சுகமானவங்க இருக்காங்க, நானும் பாத்திருக்கேன், அதுல சண்டை இல்ல. சுகமாகலன்னா அவங்க விசுவாசம் குறைவுன்னு கணக்கு போடுறோம் பாருங்க, அங்கதான் சண்டை.

சிஸ்டர், உங்க கேள்விக்கு வரேன். கொஞ்சம் நீளமா வரும்.

பவுல விட விசுவாசம் உள்ளவர் யார்னு கேட்டா நம்மள்ல யாரும் கை தூக்க மாட்டோம். அவரே என்ன எழுதுறார்? 2 தீமோத்தேயு 4:20, துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன். அவ்வளவுதான், ஒரு வரி. அவனுக்கு விசுவாசம் பத்தலன்னும் இல்ல, பாவம்னும் இல்ல. கூட ஊழியம் பண்ணவன், உடம்பு சரியில்ல, விட்டுட்டு வந்தேன். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாம போகும், அவனுக்கு பவுல் சொல்றது என்ன, அறிக்கை பண்ணுன்னா? வயித்துக்காக கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கோங்கிறார், 1 தீமோத்தேயு 5:23. அந்த காலத்து மருந்து அது. பவுலுக்கே மாம்சத்துல ஒரு முள் இருந்துச்சு, என்னன்னு அவர் சொல்லல, மூணு தடவை வேண்டிக்கிட்டார், எடுக்கப்படல. கிடைச்ச பதில் என் கிருபை உனக்குப் போதும். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில இயேசுவும் மூணு தடவை வேண்டினார், இந்த பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்னு. நீங்கல. அங்க யாருக்கு விசுவாசம் குறைவுன்னு சொல்லுவோம்?

மறைவான பாவம் கதைக்கு யோபு புத்தகமே இருக்கு, எல்லாத்தையும் இழந்து வியாதியில உக்காந்த மனுஷனோட கதை. 42 அதிகாரம். சிநேகிதங்க மூணு பேரும் வந்ததும் ஏழு நாள் ராப்பகலா தரையில அவர் கூட உக்காந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. அது வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வாய தொறந்தாங்க, அதுக்கப்பறம் அதிகாரம் அதிகாரமா ஒரே பாட்டு, நீ ஏதோ பண்ணிருக்க, ஒத்துக்கோ, ஒத்துக்கோ. யோபு அந்த பக்கம் பிறந்த நாளையே சபிக்கிறார், கடவுள கோர்ட்டுக்கு இழுக்காத குறையா வழக்கு பேசுறார். கடைசியில தீர்ப்பு என்ன? 42:7. என் தாசனாகிய யோபு பேசினது போல நீங்க என்னை பத்தி சரியா பேசலன்னு கடவுள் அந்த சிநேகிதங்க மேல கோபப்படுறார். கத்தினவர் பேசினது சரி, கடவுளுக்கு வக்கீலா வந்தவங்க பேசினது தப்பு. உங்க ஃபெல்லோஷிப்ல அத சொன்னவங்களுக்கு இந்த அதிகாரத்த அனுப்புங்கன்னு சொல்ல மாட்டேன், சண்டை வரும். நீங்க மட்டும் படிச்சுக்கோங்க.

பிறவி குருடன பாத்து சீஷர்கள் இதே கேள்விதான் கேட்டாங்க, யார் பாவம் பண்ணா, இவனா இவன பெத்தவங்களான்னு. யோவான் 9. இவனும் இல்ல, பெத்தவங்களும் இல்லன்னு இயேசு சொல்லிட்டார். கிட்னி எதனால போச்சுன்னு டாக்டர் சொல்லிருப்பார் இல்ல, சுகரோ பிரஷரோ வேற எதுவோ. அந்த காரணமே போதும், ராத்திரி உக்காந்து அதுக்கு மேல ஒரு காரணம் தோண்டாதீங்க.

விசுவாசம் எவ்வளவு இருக்குன்னு அளக்குறதையும் விட்டுடுங்க. மாற்கு 9ல ஒரு அப்பா, பையனுக்காக வந்தவர், கண்ணீரோட சொல்றார், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவி செய்யும்னு. பாதி நம்பிக்கை பாதி சந்தேகம், ரெண்டையும் ஒரே வாக்கியத்துல கொண்டு வந்து வச்சார். முழுசா நம்பிட்டு வான்னு அவர திருப்பி அனுப்பல.

உணர்வு வரலங்கிறதுக்கு இன்னொண்ணு. அன்னை தெரசா 1997ல இறந்தாங்க, அவங்க தன் ஆன்மீக வழிகாட்டிகளுக்கு எழுதின கடிதங்கள் 2007ல புத்தகமா வந்துச்சு. உலகமே ஆச்சரியப்பட்டுச்சு, ஏன்னா ஊழியம் ஆரம்பிச்ச காலத்துல இருந்தே வருஷக்கணக்கா உள்ள வெறும் இருட்டு, கடவுள் இருக்குறதையே உணர முடியலன்னு எழுதிருக்காங்க. ஆனா காலையில எழுந்து ஜெபத்துக்கு போறத நிறுத்தல, வேலைய நிறுத்தல. நான் கத்தோலிக்கன் இல்ல, ஆனா எனக்கு ஜெபத்துல ஒண்ணுமே தோணாத நாள்ல அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வருவாங்க.

நைட்ஷிப்ட்:

அக்கா நான் டயாலிசிஸ் யூனிட்ல ஸ்டாஃப் நர்ஸ். வேத விஷயம் எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, நான் வேற ஒண்ணு கேக்குறேன், நீங்க தூங்குறீங்களா?

தப்பா நினைக்காதீங்க. எங்க யூனிட்ல நாங்க பேஷண்ட் வெயிட் பாப்போம், பிபி பாப்போம், கையில பிஸ்டுலா, அதாவது மெஷினுக்கு ரத்தம் எடுக்க ரத்தக்குழாய்கள சேத்து வச்ச இடம், அத பாப்போம், தண்ணி எவ்வளவு குடிச்சார்னு கேப்போம், பொட்டாசியம் பாப்போம். வெளிய சேர்ல உக்காந்திருக்குறவங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்கதான் கொஞ்சம் கொஞ்சமா காலியாயிட்டு இருப்பாங்க. ராத்திரி தூக்கம் இல்ல, பழச தோண்டுறேன், கடவுள் தண்டிக்கிறார்னு தோணுது, நான்தான் காரணம்னு தோணுது, இதெல்லாம் சேந்து வாரக்கணக்கா போச்சுன்னா அது ஆவிக்குரிய பிரச்சனை மட்டும் இல்ல அக்கா, மனச்சோர்வா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லணும். டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்கும் இது ரொம்ப சகஜம், அண்ணனையும் பாத்துக்கோங்க. செத்துட்டா நல்லாருக்கும்னு எப்பவாவது தோணுச்சுன்னா அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லுங்க, மறுநாளைக்கு வைக்காதீங்க.

எலியா கதை எனக்கு ரொம்ப பிடிக்கும், 1 இராஜாக்கள் 19. முந்தின அதிகாரத்துலதான் வானத்துல இருந்து அக்கினி இறங்க வச்ச மனுஷன், அடுத்த அதிகாரத்துல சூரைச்செடிக்கு கீழ உக்காந்து போதும் கர்த்தாவே என் உயிர எடுத்துக்கோன்னு சொல்லிட்டு படுத்துட்டார். தேவதூதன் வந்தான், வந்து என்ன பண்ணான்? பிரசங்கம் பண்ணல. விசுவாசம் எங்கன்னு கேக்கல. தட்டி எழுப்பி சாப்பிடுன்னான். சாப்பிட்டு திரும்ப படுத்துட்டார். ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிடுன்னான், போக வேண்டிய தூரம் ரொம்ப அதிகம்னு ஒரு காரணமும் சொன்னான். ஒரேபு மலை, மெல்லிய சத்தம், கடவுள் பேசினது எல்லாம் அதுக்கப்பறம்தான். நான் நைட் ட்யூட்டியில அட்டெண்டர்ஸ்கிட்ட இத சொல்லித்தான் வீட்டுக்கு தூங்க அனுப்புவேன், சில பேர் கேப்பாங்க.

அந்த நாலு மணி நேரமும் நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கணும்னு இல்ல. மெஷின் போட்டு பிபி செட்டில் ஆயிடுச்சுன்னா நாங்க பாத்துப்போம், ஏதாவதுன்னா போன் பண்ணுவோம். உங்க யூனிட்லயும் கேட்டு பாருங்க. அதுல ஒரு மணி நேரம் கண்ண மூடுங்க.

தர்க்கம்:

நான் நம்பிக்கை இல்லாதவன், வாக்குவாதத்துக்கு வரல. என் நெருங்கின தோழிக்கு குழந்தை இறந்தப்ப பாத்தேன், காரணம் சொன்னவங்க எல்லாரையும் அவங்க மறக்கவே இல்ல, கெட்ட விதமா. துணி துவைச்சு குடுத்துட்டு ஒண்ணும் பேசாம போன ஒரு பக்கத்து வீட்டம்மாவயும் மறக்கல. அந்த யோபு சிநேகிதங்களோட முதல் ஏழு நாள் எனக்கு புரியுது. சகோதரி, ஜெபிக்கிறேன்னு சொல்றவங்ககிட்ட கூச்சப்படாம கேளுங்க, இந்த வாரம் ஒரு நாள் அவர டயாலிசிஸ்க்கு கூட்டிட்டு போக முடியுமான்னு. யார் உங்க ஆளுங்கன்னு அதுல தெரிஞ்சுடும்.

ஜெயக்கொடி:

இத படிச்சிட்டு நானும் யோசிச்சேன். சிஸ்டர் நீங்க எந்த ஊர்னு இங்க போட வேண்டாம், தனி மெசேஜ்ல சொல்லுங்க, பக்கமா இருந்தா என்கிட்ட கார் இருக்கு.

விடியல்தேடி:

பதில் போட லேட் ஆயிடுச்சு, மன்னிச்சிருங்க. அவருக்கு நடுவுல மெஷின்லயே பிபி இறங்கி ஒரே கலவரம், இப்ப பரவால்ல.

நர்ஸ் தம்பியோ தங்கச்சியோ தெரியல, நீங்க சொன்னீங்கன்னு டாக்டர்கிட்ட என் தூக்கத்த பத்தி சொன்னேன். மாத்திரை ஒண்ணு குடுத்து, கவுன்சிலிங்குக்கும் எழுதி குடுத்திருக்கார். கவுன்சிலர்கிட்ட ஒரு தடவை போனேன், பேச ஆரம்பிக்கவே எனக்கு பாதி நேரம் ஆச்சு. பழச தோண்டுறது முழுசா நிக்கல, ஆனா பழையபாதை அண்ணா சொன்ன அந்த துரோப்பீமு வரிய நினைச்சுப்பேன், சிரிப்பு கூட வருது, பாவம் அந்த மனுஷன், வேதத்துல அவருக்கு உடம்பு சரியில்லன்னு போட்டு வச்சிருக்காங்க.

ஜெயக்கொடி பிரதர், மெசேஜ் பண்ணிருக்கேன்.

இன்னொண்ணு நடந்துச்சு, அத சொல்லத்தான் வந்தேன். அவர் மெஷின்ல இருக்கும்போது நேரம் போகலன்னு ஏதாவது வாசின்னார். எப்பவும் 23 வாசிப்பேன். இந்த தடவை 88 வாசிச்சேன், கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு எப்படி எடுத்துப்பாரோன்னு. முடிச்சதும் கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், இத இத்தனை வருஷம் ஏன் ஒருத்தரும் எனக்கு வாசிக்கலன்னு கேட்டார். அவரும் என்ன பயமுறுத்த கூடாதுன்னு உள்ளயே வச்சிட்டு இருந்திருக்கார், எனக்கு தெரியாது. வீட்டுல ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தைரியமா நடிச்சிட்டு இருந்திருக்கோம். அன்னைக்கு ரெண்டு பேரும் சேந்து ஜெபம் பண்ணோம்னு சொல்ல முடியாது, அவர் ஆண்டவரே முடியலன்னார், நான் ஆமென்னேன், அவ்வளவுதான்.

அடுத்து என்ன வாசிக்கலாம்னு கேக்குறார். டீச்சரம்மா, 88 மாதிரியே ஆனா எப்பவும் 88லயே நிக்க வேண்டாம், கொஞ்சம் நகர்ற மாதிரி எது இருக்கு?

ஓய்வுடீச்சர்:

77 வாசிமா. ஆசாப் எழுதினது. 4ம் வசனம் வந்ததும் நீயே நிப்ப, "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர், நான் பேசமாட்டாதபடி சஞ்சலப்படுகிறேன்"னு இருக்கும். தூக்கமும் இல்ல, வார்த்தையும் இல்ல, நீ தலைப்பு போட்டு கேட்ட கேள்விய அவர் முன்னாடியே எழுதி வச்சிருக்கார். 9ம் வசனம், தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோன்னு கேள்வி. 10ல இருந்து பழச நினைக்க ஆரம்பிப்பார், நீ ராத்திரி தோண்டுற பழசு இல்ல, கடவுள் நடத்தின பழசு. ஆனா 9லயே நிறுத்திட்டு புஸ்தகத்த மடியில வச்சுட்டு உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்னு கேளு. 10ஐ அடுத்த டயாலிசிஸ் நாளைக்கு கூட வச்சுக்கலாம், அவசரம் ஒண்ணும் இல்ல.

அப்பறம் 42, 43 ரெண்டையும் ஒண்ணா வாசி, ஒரே பாட்டு ரெண்டா பிரிஞ்ச மாதிரி இருக்கும், என் ஆத்துமாவே நீ ஏன் கலங்குகிறாய்னு மூணு தடவை வரும். முதல் தடவை கேட்டதும் சரியாகல, அதான் திரும்ப திரும்ப கேக்குறார். அத உன் வீட்டுக்காரரையே வாசிக்க சொல்லு, நீ கேளு. மாத்திரைய ஒழுங்கா போடு.